இரண்டு மணி நேரத்தில் முளைத்த தலை

நரம்பு மறுவளர்ச்சி உயர் ஆய்வு நிறுவனத்துக்கு நான்கு மாடி. கீழ்த்தளத்தின் கடைக்கோடியில் ஒரே ஓர் அறையில் புழுக்கள் இருந்தன. மற்ற அறைகளில் எல்லாம் அந்தப் புழுக்களைப் பற்றிய கோப்புகள் இருந்தன. கோப்புகளைக் கவனிக்க நூற்று நாற்பது பேர். புழுக்களைக் கவனிக்க ஒருத்தி.

அந்த ஒருத்தியைப் புழுவக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றார்கள். மரியாதைக்காக அல்ல, பெயர் தெரியாததால். பதினாறு வருஷமாக அவள் காலையில் வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு, வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில் தண்ணீர் மாற்றுவாள். வாரத்துக்கு ஒரு நாள் ஈரலை மசித்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடக்கும் தட்டைப்புழுக்கள் வழுக்கிக்கொண்டு வந்து தின்னும். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது. பழுப்பு நிறம், முக்கோணத் தலை, அதில் மாறுகண் போட்ட மாதிரி இரண்டு புள்ளிகள். எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.

அந்தப் புழுவிடம் ஒரு வித்தை உண்டு. ஐஸ்கட்டி மேல் ஈரத்தாளை விரித்து, அதில் புழுவை விட்டு, பிளேடால் தலையை வெட்டினால் அது சாகாது. உடம்பெங்கும் இறைந்து கிடக்கும் குருத்தணுக்கள் காயத்தை நோக்கி நகர்ந்து வந்து கூடும். இரண்டு மூன்று நாளில் வெள்ளையாக ஒரு மொட்டு கட்டும். ஒரு வாரத்தில் கண்புள்ளிகள் தெரியும். உள்ளே மூளை உருவாகும். மூளையிலிருந்து புது நரம்பு கிளம்பிப் பழைய நரம்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புழுக்களை வைத்து ஆய்வு செய்துவந்த ஆராய்ச்சியாளர் அம்மா இதை 'ஸ்டெம் செல்' என்று விளக்கியபோது, "வாழையை வெட்டினா குருத்து வர்ற மாதிரியா மேடம்?" என்று புழுவக்கா கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றார். அந்த நிறுவனத்தில் ஒரு கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஒரு புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகிவிடுகிறது அல்லவா? நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. "முன் அனுமதியின்றி உயிரினங்கள் தோன்றுவது" குறித்து நிர்வாக அலுவலர் ஒரு சுற்றறிக்கையில் வருத்தம் தெரிவித்திருந்தார். அதன்படி, வால் துண்டுக்குத் தலை முளைக்கும்வரை அது 'நிலுவையில் உள்ள புழு'. தலையில்லாத நிலையிலும் அது உயிரோடு இருக்கிறது என்று தினமும் ஒரு படிவம் எழுதி மூன்றாம் மாடிக்கு அனுப்ப வேண்டும். ஒருமுறை படிவம் திரும்பி வந்தது. சம்பந்தப்பட்ட புழுவின் கையொப்பமோ ரேகையோ இல்லை என்று குறிப்பு. புழுவக்கா அந்தத் தாளை நனைத்து, அதன்மேல் புழுவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்ந்து போகவிட்டு அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செய்தித்தாளில் வந்தது: 'ஓராண்டில் முடங்கியோர் நடப்பர்: இயக்குநர் உறுதி.'

ஆராய்ச்சியாளர் அம்மா ஆறு வருஷம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். புழுவின் புது நரம்பு பழைய நரம்பை எப்படி அடையாளம் காண்கிறது என்பது விஷயம். 'மனிதர்களைப் பற்றி இதிலிருந்து இப்போது எதுவும் சொல்வதற்கில்லை' என்று கட்டுரை முடிந்தது. இயக்குநர் அதைப் பத்திரிகைக்காகச் சுருக்கினார். கடைசி வரியிலிருந்து சுருக்க ஆரம்பித்தார்.

புழுவக்காவின் வீட்டில் அந்தச் செய்தியை அவள் அண்ணன் படித்தார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன் லிஃப்ட் குழியில் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கை இரண்டும் இரும்பு மாதிரி உறுதி. கல்யாணம் என்பது அண்ணன் தங்கை இருவரையும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. ஆகவே வீட்டில் இருவர்தான். நல அலுவலகம் கொடுத்த சக்கர நாற்காலிக்குத் தோதாக அடுப்புமேடையைத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு அண்ணனே சமைத்தார். தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவர் மடிக்கு வந்தது. முதல் வருஷம் அழுதார், இரண்டாம் வருஷம் எரிந்து விழுந்தார், மூன்றாம் வருஷம் ஜோக் அடிக்க ஆரம்பித்தார். அந்த மூன்றாம் வருஷத்துக்கு வந்து சேர்வதற்குள் புழுவக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது.

"பாப்பா, உங்க ஆளு பேப்பர்ல பல்லைக் காட்டுறாரு."

"காட்டட்டும்."

"ஒரு வருஷத்துல நடந்துடலாமாம்."

"புழுவே நடக்குறதில்ல அண்ணா. வழுக்கிக்கிட்டுத்தான் போகும்."

அண்ணன் சிரித்தார். மறுநாள் காலையில், பரண்மேல் கிடந்த தன் ஷூவை எடுத்துத் தரச் சொன்னார். சும்மா தூசி தட்டி வைக்கத்தான் என்றார். புழுவக்கா எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதற்குப் பாலிஷ் போட்டார்.

அன்றைக்கே ஆராய்ச்சியாளர் அம்மாவிடம் கேட்டாள். "மேடம், பேப்பர்ல போட்டது நெஜமா?"

"இல்லம்மா." அவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "புழு உடம்புல அஞ்சுல ஒரு பங்கு குருத்துதான். நமக்கு அப்படி இல்ல. என்னைக்காவது ஒருநாள் வழி பிறக்கலாம். பிறக்காமலும் போகலாம். உங்க அண்ணனுக்கு நான் என்னத்தைன்னு சொல்றது? பொய் சொல்ல வாய் வரலியே."

இதை அப்படியே வீட்டில் வந்து சொன்னாள். "எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன். ஆனால் ஷூவைத் திரும்பப் பரணில் வைக்கச் சொல்லவில்லை.

நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு அமைச்சர் வருவதாக ஏற்பாடு. அதற்கான கூட்டத்தில், மாதிரிக்கு ஒரு டப்பாவை ஏந்திக்கொண்டு புழுவக்கா சுவரோரமாக நின்றாள். இயக்குநர் எழுந்தார்.

"நாடா வெட்டுற விழாவை எல்லாரும்தான் நடத்துறாங்க. நாம என்ன நாடா நிறுவனமா? நம்ம விழாவுல அமைச்சர் புழுவை வெட்டுவாரு. பத்து மணிக்குத் தலையை வெட்டுறாரு. பன்னெண்டு மணிக்கு, நன்றியுரைக்கு முன்னாடி, முளைச்ச தலையைப் பாக்குறாரு."

பெரிய கைதட்டல். புழுவக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், தலை முளைக்க ஏழு நாளாகும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் அவள் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"யாருக்கு ஏழு நாளாகும்?" என்றார் இயக்குநர்.

"புழுவுக்கு சார்."

"விழா தேதியைப் புழுப் பிரிவுக்கு முறைப்படி தெரிவிச்சாச்சா?" என்று நிர்வாக அலுவலர் தன் உதவியாளரிடம் கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

"ஏழு நாள்னு நீங்களே முடிவு பண்ணிட்டா புழு வேற என்ன பண்ணும்?" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. "இலக்கு கொடுக்கணும்மா. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ எனக்குப் புழுவைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. இன்னைக்கும் தெரியாது. அதனால நிறுவனம் நின்னு போச்சா? தெரிஞ்சவங்க எல்லாம் 'முடியாது, முடியாது'ம்பாங்க. தெரியாதவன்தான் முடிவெடுப்பான். அதுக்குப் பேர்தான் தலைமை."

"சார், இது உயிரியல்," என்றார் ஆராய்ச்சியாளர் அம்மா.

"அதனால என்ன? உயிரியலுக்கு ஒரு குழு போட்டுடலாம்."

குழு போடப்பட்டது. கூட்டம் முடிந்ததும் நிர்வாக அலுவலர் புழுவக்காவைத் தனியாக அழைத்தார்.

"ரெண்டு டப்பா. ஒண்ணுல அமைச்சர் வெட்டினது. இன்னொண்ணுல வெட்டாதது. நடுவுல ஒரு திரை. மிச்சத்தை நான் சொல்லணுமா?"

"அது பொய்யில்லையா சார்?"

"பொய்னா தப்பு. இது செயல்முறை விளக்கம்." அவர் ஒரு கோப்பைப் புரட்டினார். "உங்க அண்ணனுக்கு முதுகுல அடியாமே. முதல் பயனாளியா அவரைத்தான் மேடையேத்தணும்னு இயக்குநர் ஆசைப்படுறாரு. பட்டியல்ல முதல் ஆள். நாளைக்கு நெஜமாவே மருந்து கிருந்து வந்தா யாரை முதல்ல கூப்பிடுவாங்க? நெனச்சுப் பாருங்க."

புழுவக்கா நினைத்துப் பார்த்தாள். பளபளவென்று இருந்த அந்த ஷூதான் கண்ணில் நின்றது. அவள் தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்காகப் பிற்பாடு அவள் எத்தனையோ நாள் தன்னையே சபித்துக்கொண்டாள்.

அண்ணனிடம் சொன்னபோது, "எனக்கென்ன, அந்தப் புழுவை ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வர்றேன்," என்றார். விழா நாளன்று அவளுக்கு முன்னால் எழுந்து சவரம் செய்துகொண்டிருந்தார். ஷூவை மாட்டிவிடச் சொன்னார்.

விழா அரங்கம் இரண்டாம் மாடியில். லிஃப்ட் நான்கு வருஷமாகப் பழுது. கதவின் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்த அண்ணன், "ஒரு ரிலே போயிருக்கும். அரை மணி வேலை. நான் பாக்கட்டுமா?" என்றார்.

"தொடாதீங்க!" என்று பதறினார் நிர்வாக அலுவலர். "அதுக்குக் குழு உக்காந்திருக்கு."

"எங்க உக்காந்திருக்கு?"

"நாலாவது மாடியில."

நான்கு காவலாளிகள் அண்ணனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். முடங்கியவர்களை நடக்க வைக்கப்போகும் நிறுவனத்துக்குள் முடங்கிய ஒருவர் நுழைய வழியில்லை என்பதை நிறுவனம் அன்றுதான் கவனித்தது. கவனித்ததை இயக்குநர் தன் வரவேற்புரையில் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "சீக்கிரமே தேவைப்படாமல் போகிற வசதிகளை நாங்கள் செய்து வைப்பதில்லை."

அமைச்சர் பட்டு மெத்தையில் வைத்த தங்க முலாம் கத்தரிக்கோலை எடுத்தார். பிளேடு மங்கலமாக இல்லை என்று விழாக் குழு தீர்மானித்திருந்தது. புழு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் வெட்டில் ஈரத்தாள் கிழிந்தது. இரண்டாவது வெட்டில் டப்பா கவிழ்ந்து அமைச்சரின் செயலாளர் மடியில் கொட்டியது. மூன்றாவது வெட்டு புழுமேல் விழுந்தது. தலை இருக்கும் பக்கம் எது என்று யாரும் அவரிடம் சொல்லாததால் நீளவாட்டில் விழுந்தது. மேளம் முழங்கியது. திரை போட்டார்கள்.

அடுத்த இரண்டு மணி நேரம் ஒன்பது பேர் பேசினார்கள். எல்லாரும் இயக்குநரின் தலைமையில் நரம்புகள் வளர்ந்த விதத்தைச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் புழுவக்கா டப்பாவை மாற்றி வைத்தாள். நீளவாட்டில் கிழிந்து சுருண்டிருந்த அந்தப் பிராணியைத் தன் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். 'இரண்டு மணி நேரத்தில் தலை முளைத்தது' என்ற சான்றில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

திரை விலகியது. அமைச்சர் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அட, என்னையே பாக்குது!"

"உங்களை அடையாளம் கண்டுக்கிச்சு ஐயா," என்றார் இயக்குநர்.

"தலையை வெட்டினவன்னு கோபம் இருக்காதே?"

"நம்ம நிறுவனத்துல யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது ஐயா."

அடுத்து அண்ணனை மேடைக்கு நடுவில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 'முதல் பயனாளி' என்று அறிவிப்பு. இயக்குநர் குனிந்து, மைக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்கே, வலது கையைத் தூக்குங்க பாக்கலாம்," என்றார்.

அண்ணன் ஒன்றும் புரியாமல் கையைத் தூக்கினார்.

அரங்கம் எழுந்து நின்றது. யாரோ விம்மினார்கள். அமைச்சர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னொரு கை! இன்னொரு கையும்!" என்று பின்வரிசையில் கத்தினார்கள். இயக்குநரே அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"ஐயா, கை எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அண்ணன் மைக்கில். "கால்தான்..."

மைக் வேறு பக்கம் போய்விட்டது. மேளம் ஆரம்பித்துவிட்டது.

வீடு வந்து சேர்ந்ததும் அண்ணன், "ஷூவைக் கழட்டிடு பாப்பா. கடிக்குது," என்றார். அந்தக் காலில் எதுவும் கடிக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவள் மண்டியிட்டுக் கழற்றினாள்.

மறுநாள் பத்திரிகையில்: 'முடங்கிய கை எழுந்தது, அரங்கம் கண்ணீரில் நனைந்தது.'

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து நல அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். கையில் ஆண்டு விழா அறிக்கையின் நகல். அண்ணன் 'மீண்டோர்' பட்டியலுக்கு மாற்றப்பட்டிருந்தார். மீண்டோருக்குச் சக்கர நாற்காலி கிடையாது.

"நான் நடக்குறனா? கண்ணால பாருங்க," என்றார் அண்ணன்.

"பாக்குற வேலை எங்களது இல்லீங்க. நாங்க எடுத்துட்டுப் போறவங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எந்திரிச்சு வந்து போடட்டுமா?"

"வேணாம் வேணாம், உக்காந்தே போடலாம். மீண்டவங்களுக்கு அந்தச் சலுகை இருக்கு."

இருவருமாக அவரைப் பூப்போலத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அண்ணன் வீட்டுக்குள் ஒரு கோணிமேல் உட்கார்ந்து, கையை ஊன்றி இழுத்து இழுத்து நகர்ந்தார். தாழ்த்திக் கட்டிய அடுப்பும் தரையிலிருந்து எட்டவில்லை. மிக்ஸிகள் வருவது நின்றது. மீண்டவர் வீட்டில் ரிப்பேருக்குக் கொடுப்பானேன், அவருக்குத்தான் பெரிய இடத்தில் செல்வாக்கு வந்துவிட்டதே என்று தெரு பேசிக்கொண்டது.

நாற்காலி எங்கே போனது என்று அடுத்த வாரம் தெரிந்தது. நிறுவனத்தின் முன்கூடத்தில், சிவப்புக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

புழுவக்கா மூன்றாம் மாடி ஏறினாள்.

"அதுக்கு, உங்க அண்ணன் மறுபடி முடங்கினார்னு சான்று கொண்டாங்க," என்றார் நிர்வாக அலுவலர்.

"அவரு மீளவே இல்லையே சார்."

"மீளாதவர் எப்படிம்மா மறுபடி முடங்குவார்? விண்ணப்பமே செல்லாது."

"சரி, மீண்டார்னே வெச்சுக்கோங்க. இப்போ மறுபடி..."

"மீண்டவர் நிறுவனத்தோட சாதனை. சாதனையை ரத்து பண்ண எனக்கு அதிகாரம் இல்ல. இயக்குநரைப் பாருங்க."

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனநிலையில் இருந்தார்.

"உங்க அண்ணன் நடக்கலைன்னா அது அறிவியலோட தப்பில்லம்மா. அவரோட ஒத்துழைப்பு பத்தல. புழுவைப் பாருங்க, தலையே இல்லாம எவ்வளவு ஒத்துழைச்சுது! எனக்கும் அப்படிப்பட்ட ஆளுங்கதான் வேணும். இன்னொண்ணு. ரெண்டு மணி நேரத்துல தலை வந்ததுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீங்க. அது பொய்னு சொன்னா, பொய் சொன்னது யாரு?"

புழுவக்கா எழுந்து வந்துவிட்டாள். அவர் சொன்னதில் ஒரு வரி உண்மை. அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஆராய்ச்சியாளர் அம்மா மட்டும் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். கடிதம் வெளிவரவில்லை, அவருக்குப் பதவி உயர்வு வெளிவந்தது. நான்காம் மாடியில் ஒருங்கிணைப்பாளர். தனி அறை, சுழல் நாற்காலி, மணி அடிக்க இரண்டு பொத்தான்கள். மைக்ரோஸ்கோப் மட்டும் கிடையாது. அந்தப் பதவிக்கு அது தகுதிக் குறைவாம். போகும்போது புழுவக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணியை மட்டும் மாத்தாம விட்டுடாதீங்க," என்றார்.

இரண்டு மணி நேரத் தலையின் புகழ் பரவியது. பெரிய விருது ஒன்றுக்காகச் சோதித்துப் பார்க்க மூன்று நிபுணர்கள் வந்தார்கள். மறுபடி அதே மேசை, அதே திரை, அதே இரண்டு டப்பா. இந்த முறை பிளேடால் சரியாகவே வெட்டினார்கள். திரை மூடியது. புழுவக்கா திரைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரமும் நின்றாள். டப்பாவை மாற்றவில்லை.

திரை விலகியது. ஈரத்தாளில் மொட்டையாக ஒரு துண்டு கிடந்தது.

"தலை எங்கே?" என்றார் தலைமை நிபுணர்.

"வரல சார். ஏழு நாள் ஆகும். எப்பவும் ஏழு நாள்தான். அன்னைக்கு நான்தான் டப்பாவை மாத்தி வெச்சேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். எங்க அண்ணனுக்குக் கை எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. கால்தான் வராது. இன்னைக்கும் வராது. அவரோட நாற்காலி கீழே கயிறு கட்டி நிக்குது."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். இயக்குநர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. தலைமை நிபுணர் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். "துணிச்சலான பெண்," என்றுகூடச் சொன்னார். அன்று புழுவக்கா வீட்டுக்குப் போய், நாற்காலி போனபின் முதல்முறையாக நிம்மதியாகச் சமைத்து, அண்ணனுக்கு ஊட்டாத குறையாகப் பரிமாறினாள். டப்பாவை மாற்றியதையும் கையெழுத்துப் போட்டதையும் சொல்லிவிட்டு, நாற்காலி வந்துவிடும் என்றாள்.

நிபுணர்கள் ஏழு நாள் விருந்தினர் விடுதியில் தங்கி, தலை முளைக்கிறதா என்று பார்த்தார்கள். முளைத்தது. ஏழாம் நாள் இரண்டு கண்புள்ளிகள். எட்டாம் நாள் அறிக்கை வந்தது. அதன் சாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

'நிறுவனத்தின் செயல்பாட்டை ஏழு நாளும் நேரில் கண்டோம். பணியாளர் வருகை, தேநீர், கூட்டம், மதிய உணவு, உணவுக்குப் பிந்தைய ஓய்வு, புறப்பாட்டுக்கான ஆயத்தம் ஆகியவற்றைக் கழித்தால், ஏழு நாளில் மெய்யாக வேலை நடந்த நேரம் இரண்டு மணி. ஆகவே, அலுவலக நேரப்படி, தலை இரண்டு மணி நேரத்தில் முளைத்தது என்ற கூற்று சரியே. விருதுக்குப் பரிந்துரைக்கிறோம்.'

அவள் சொன்னது எல்லாம் ஒன்பதாவது பின்னிணைப்பில் இருந்தது. தலைப்பு: 'பணியாளர்களின் உணர்வுகள்.'

இயக்குநர் அந்த அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். அதில் தன்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். புழுவக்காவுக்கும் ஒன்று வந்தது.

அவள் அதை மேசைமேல் வைத்தாள். டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் நிதானமாகத் தண்ணீர் மாற்றினாள். கையுறையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முன்கூடத்துக்குப் போய்ச் சிவப்புக் கயிற்றை அவிழ்த்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

காவலாளி குறுக்கே வந்தார். அன்று அண்ணனைத் தூக்கிக்கொண்டு படியேறிய நால்வரில் அவரும் ஒருவர்.

"அக்கா, பொருள் வெளியே போகணும்னா பாஸ் வேணும்."

"யாரு கொடுப்பா?"

"நிர்வாக அலுவலர்."

"கொடுக்க மாட்டாரு."

"மாட்டாருதான்." காவலாளி நாற்காலியைப் பார்த்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு, "பாஸ் பொருளுக்குத்தான். ஆளுக்கு வேணாம்," என்றார்.

புழுவக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாசலில் ஏழு படி. சாய்தளம் கிடையாது. காவலாளி இன்னொருவரைக் கூப்பிட, இருவருமாக அவளைத் தூக்கி இறக்கினார்கள். அப்போது மேலே மாடி ஜன்னலில் இயக்குநர் விருந்தாளிகளோடு நின்றிருந்தார். அவர் குனிந்து பார்த்து, பதினாறு வருஷம் தன்னிடம் வேலை செய்தவளை அடையாளம் தெரியாமல், "இன்னொரு பயனாளி," என்று விருந்தாளிகளுக்குக் காட்டிக் கையசைத்தார்.

தெரு திரும்பியதும் அவள் எழுந்து தள்ளிக்கொண்டு நடந்தாள். அந்தக் கட்டடத்துக்கு அவள் திரும்பிப் போகவில்லை.

அண்ணன் கோணிமேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். நாற்காலியைக் கண்டதும் அருகே இழுத்து, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். இரண்டு கையையும் ஊன்றி ஒரே எம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் முதுகுப்பக்கம் திருகியிருந்த பித்தளைத் தகட்டைப் புழுவக்கா கவனித்தாள்.

'இதில் அமர்ந்திருந்தவர் இப்போது நடக்கிறார்.'

அவள் வாய்விட்டுப் படித்தாள். படித்ததும் உள்ளே போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"விடு பாப்பா," என்றார் அண்ணன். "அது அங்கேயே இருக்கட்டும். பின்னாடி நின்னு தள்ளுறவங்க படிக்கட்டும்."

"தள்ளுறது நான்தானே அண்ணா."

"அதான் சொல்றேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. சான்றில் தான் போட்ட கையெழுத்து புழுவக்காவுக்கு நினைவு வந்தது. அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றி, அடுப்படிப் பக்கம் தள்ளினாள்.